யார் வீட்டுக் கதவை யார் தட்டுவது? கம்பத்துப் பிள்ளைகளை வெள்ளத்துக்குத் தயார் செய்யும் முறை

மீட்புக் கயிறு, லைஃப் ஜாக்கெட், ரப்பர் படகு எதையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். நூறு பக்க நோட்டு ஒன்று, நாலைந்து பென்சில், ஒரு உருண்டை சிவப்பு ராஃபியா கயிறு (கட்டுவதற்கான பிளாஸ்டிக் நார்), ஆளுக்கு ஒரு விசில், இவ்வளவு போதும். 13 வயதிலிருந்து 17 வயது வரை பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கிடைத்தால் ஒரு கம்பத்தையோ (கிராமத்தையோ) பழைய தோட்டத்து லயத்தையோ தயார் செய்ய ஆரம்பித்துவிடலாம். மலேசியாவில், பினாங்கு மாநிலத்து செபராங் பிறையின் தென்பகுதியில், நிபோங் தெபால் பக்கம், சில வருடங்களாக இதைச் செய்து வருகிறேன். அங்கே கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

ஏன் பிள்ளைகள் என்று கேட்பார்கள். பகலில் எங்கள் கம்பத்துக்கு வந்து பாருங்கள், தெரியும். வேலைக்குப் போகிற வயதில் இருப்பவர்கள் பிறை, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகளில் ஷிஃப்டில் இருப்பார்கள், இல்லையென்றால் லோரி ஓட்டப் போயிருப்பார்கள். வீட்டில் இருப்பது தாத்தா பாட்டிமாரும், மதியத்துக்கு மேல் பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளும்தான். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுப் பின்கதவு திறக்காது, எந்தச் சந்து வழியாகப் போனால் சீக்கிரம் கோயிலுக்குப் போகலாம் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு அத்துப்படி.

இன்னொரு காரணம் என் சொந்தக் காரணம். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கில் காற்றோடு அடித்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. 7 பேர் இறந்தார்கள். எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் தனியாக இருந்த ஒரு பாட்டி, கட்டிலின் மேல் நாற்காலியைத் தூக்கிப் போட்டு, விடியும் வரை அதன் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் தனியாக இருக்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாராவது போயிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தோம், நானும் நினைத்தேன். காலையில் போய்ப் பார்த்தபோது அவர் கோபப்படவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, சூடாக ஏதாவது குடிக்கக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகுதான், யார் வீட்டுக் கதவை யார் தட்டுவது என்பதை முன்னாலேயே முடிவு செய்து வைப்பதுதான் முதல் வேலை என்று எனக்குப் புரிந்தது. கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

தண்ணீரில் இறங்கக் கூடாது

முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு வாரமும் திரும்பச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் மீட்புப் படை கிடையாது. ஓடுகிற தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே, அதாவது கணுக்காலுக்குச் சற்று மேலே, வளர்ந்த ஆளையே சாய்த்துவிடும். 30 சென்டிமீட்டரில் சின்னக் கார் மிதக்க ஆரம்பிக்கும். கலங்கிய தண்ணீருக்கு அடியில் ரோடு எங்கே முடிகிறது, லொங்காங் (சாக்கடைக் கால்வாய்) எங்கே ஆரம்பிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 16 வயதுப் பையனுக்கு வீரம் காட்ட ஆசை இருக்கும், அது இயல்பு. அதனால் 'போகாதே' என்று மட்டும் சொன்னால் பத்தாது, அதற்குப் பதிலாக அவன் செய்ய ஒரு வேலை கையில் கொடுங்கள். தண்ணீர் வந்த பிறகு வேலை பொம்பாவுக்கும் (தீயணைப்புப் படை) பொதுத் தற்காப்புப் படைக்கும், வருவதற்கு முந்தைய நேரம் முழுக்க நம் பிள்ளைகளுக்கு. 999க்கு அழைத்து, எந்த இடம், எத்தனை பேர், நடக்க முடியாதவர் யாராவது இருக்கிறாரா என்று மலாயில் தடுமாறாமல் சொல்லப் பழகிய பிள்ளை, தண்ணீரில் குதிக்கிற பத்துப் பேரைவிட உதவியாக இருக்கும். இதை வகுப்பில் ஒவ்வொருவராக நிற்க வைத்துப் பேசிப் பழக்குங்கள், பொய் அழைப்பாக உண்மையான எண்ணுக்குப் போட்டுவிடாமல்.

பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு பெரியவர்களாவது எப்போதும் கூட இருக்க வேண்டும், வீடு வீடாகப் போகும்போது பிள்ளைகள் ஜோடியாகத்தான் போக வேண்டும். படிவம் 5 பிள்ளைகளைத் தேர்வு நெருங்கும்போது தொந்தரவு செய்யாதீர்கள். பெண் பிள்ளைகளைக் கட்டாயம் சேருங்கள், ஏனென்றால் நோட்டில் எழுத வேண்டிய பாதி விஷயத்தைப் பாட்டிமார் பையன்களிடம் சொல்ல மாட்டார்கள். பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள் வந்தால் இன்னும் நல்லது, தண்ணீர் ஒரே ஆற்றிலிருந்துதான் வருகிறது.

எப்போது ஆரம்பிப்பது? வெள்ளம் என்றால் கிளந்தான், திரங்கானு, வருடக் கடைசி என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது கிழக்குக் கரையின் கணக்கு. நம் பக்கம் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரைதான் அதிக மழை, 2017இலும் செப்டம்பரில் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை என்று இரண்டு முறை அடித்தது. ஜூன் மாதமே ஆரம்பித்துவிட்டால் மூன்று மாதம் கிடைக்கும்.

முதல் வகுப்பு பாட்டிமாரிடம்

ஸ்லைடு போட்டுப் பாடம் எடுக்காதீர்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கம்பத்தில் வயது அதிகமானவர் வீட்டுக்குப் போங்கள். ஒரே கேள்வி போதும்: "பாட்டி, தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?"

பாட்டி சுவரில் கையை வைத்துக் காட்டுவார். அந்த இடத்தில் ஒரு பிள்ளை ராஃபியா கயிற்றைக் கட்ட வேண்டும், தூணிலோ, ஜன்னல் கம்பியிலோ, வேலியிலோ. எங்கள் கம்பத்தில் முதல் கயிறு கோயில் முன்மண்டபத் தூணில் கட்டினோம். கட்டிய பையன் நல்ல உயரம், அந்தக் கயிறு அவன் நெஞ்சுக்கு வந்தது. பக்கத்தில் நின்ற அவன் தங்கை தன் தலைக்கு மேலே இருந்த கயிற்றை அண்ணாந்து பார்த்துவிட்டு, வாயே திறக்காமல் இரண்டடி பின்னால் போனாள். அன்றைக்கு நான் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. மாலைக்குள் கம்பம் முழுக்கப் பதினேழு இடத்தில் சிவப்புக் கயிறு. தூரத்தில் நின்று எல்லாக் கயிறுகளையும் சேர்த்துப் பார்த்தால் தண்ணீர் எந்தப் பக்கமாக நுழைந்தது, எந்த வீடு கடைசியாக நனைந்தது என்று வரைபடம் போல் தெரியும். எந்தப் பாதையில் வெளியேறுவது, எந்த மேட்டில் கூடுவது என்பதை அன்றைக்கே பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

பெரியவர்களின் ஞாபகம் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதற்குப் பிள்ளைகளிடம் நான் சொல்வது சுமத்ராவுக்குப் பக்கத்திலிருக்கும் சிமலூ தீவின் கதை. 1907இல் அங்கே ஒரு பேரலை வந்து நிறையப் பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தீவில், நிலம் பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதை 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்லில் அடக்கி, தாத்தா பாட்டிமார் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். 2004 டிசம்பர் 26இல் நிலநடுக்கம் ஏற்பட்ட இடத்துக்கு மிக அருகில் இருந்தும், பல்லாயிரம் பேர் வாழும் அந்தத் தீவில் இறந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதே நாளில் பினாங்கில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் நேரப்படி காலை 9 மணிக்குச் சற்று முன்னால் நிலநடுக்கம், அலை இங்கே வந்து சேர்ந்தது மதியம் 1 மணிக்கு மேல். நான்கு மணி நேரம் இருந்தது. ஆனாலும் பினாங்கில் மட்டும் 52 பேர் போனார்கள், ஏனென்றால் அந்த நான்கு மணி நேரத்தில் கடற்கரையில் இருந்தவர்களிடம் போய்ச் சொல்ல ஆள் இல்லை, கேட்டாலும் புரிந்துகொள்ள அப்படியொரு சொல்லும் நம்மிடம் இல்லை. இப்போது நம்மிடம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் யாரும் அன்றைக்குப் பிறந்திருக்கவே இல்லை. பாலிக் புலாவ் பக்கமோ கடலோரமோ இருப்பவர்கள் வெள்ளத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டு

இரண்டாவது, மூன்றாவது வாரம் நோட்டுக்கு. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். பென்சிலில்தான் எழுத வேண்டும், ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் எத்தனை பேர், இரவில் யார் தனியாக இருப்பார், நடக்க முடியாதவர் யார், காது கேட்காதவர் யார், டயாலிசிஸ் போகிறவர் எந்தெந்த நாள் போகிறார், இன்சுலின் போடுகிறவர் யார், கைக்குழந்தை உண்டா, மோட்டாரா காரா லோரியா, சாவி இன்னொரு ஆளிடம் இருக்கிறதா. டயாலிசிஸ் விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள் போகிறவருக்கு ஒரு நாள் தவறினாலே உடம்பில் தண்ணீர் ஏறிவிடும், ரோடு மூடுவதற்கு முன்னால் வெளியே கொண்டுபோக வேண்டிய முதல் ஆள் அவர்தான்.

கேட்கும் விதம்தான் எல்லாம். எங்கள் பிள்ளைகள் முதலில் ஃபாரம் நிரப்புகிற ஆள் மாதிரி போய் நின்று, "உங்களுக்கு என்ன வியாதி?" என்று கேட்டு, ஒரு தாத்தாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அடுத்த வாரம் மாற்றினோம். உள்ளே போய் உட்கார், தண்ணீர் கொடுத்தால் குடி, குடும்பத்தை விசாரி, அப்புறம் கேள்: "தாத்தா, ராத்திரி தண்ணி வந்தா உங்கள எழுப்ப நான்தான் வருவேன். எந்தக் கதவத் தட்டணும்?" இப்படிக் கேட்டால் கதவோடு சேர்த்து மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது, மூட்டு வலி எப்படி, மகன் ஏன் வருவதில்லை என்பது வரை எல்லாம் வரும். மகன் விஷயத்தை நோட்டில் எழுத வேண்டாம்.

சொன்னது எதுவும் வெளியே போகக் கூடாது. நோட்டைப் படம் பிடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போட்டால் அந்தப் பிள்ளை குழுவில் இருக்க முடியாது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். யார் வீட்டில் கிழவி தனியாக இருக்கிறார் என்ற விவரம் தப்பான கைக்குப் போனால் வெள்ளத்தைவிட ஆபத்து. இரண்டு பிரதி, ஒன்று பொறுப்பாளரிடம், ஒன்று கோயில் தலைவரிடமோ கிராமத் தலைவரிடமோ, பூட்டி வைக்க வேண்டும்.

பத்திரப் பை ஒன்றும் அதே நேரத்தில் தயார் செய்துவிடலாம். தடித்த பிளாஸ்டிக் பையில் மைகார்டு (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், கிளினிக் அட்டை, ஒரு வார மருந்து, மூக்குக் கண்ணாடி, கொஞ்சம் சில்லறைப் பணம், கதவுக்குப் பக்கத்தில் உயரத்தில் ஒரு ஆணியில் தொங்க வேண்டும். தற்காலிக நிவாரண மையத்தில் பதிவு செய்யவும், அப்புறம் வெள்ள உதவித் தொகைக்கும் அடையாள அட்டைதான் முதலில் கேட்பார்கள். இந்த இடத்தில் சில வீடுகளில் தலை குனிவார்கள், ஏனென்றால் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை, இல்லையென்றால் ஒரு அட்டையுமே இல்லை. பிள்ளைகள் அதற்கு மேல் கேட்க வேண்டாம், உங்களிடம் வந்து சொன்னால் போதும். நீங்கள் கிராமத் தலைவரிடம் முன்னாலேயே பேசிவையுங்கள், வெள்ளத்துக்குப் பயந்து ஓடி வந்த ஒருவர் அட்டை இல்லை என்று மையத்து வாசலில் நிற்கும்படி ஆகக் கூடாது.

எச்சரிக்கையைப் படிப்பது

வானிலைத் துறையான மெட்மலேசியா தொடர்மழை எச்சரிக்கையை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிறத்தில் கொடுக்கும். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோபஞ்சிர் இணையப் பக்கத்தில் ஆற்று மட்டம் நார்மல், வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று நான்கு நிலையில் இருக்கும். மலாய்ச் சொல்லையே பிள்ளைகளுக்குப் பழக்குங்கள், அறிவிப்பு அந்தச் சொல்லில்தான் வரும், தாத்தா பாட்டிமாருக்கும் அது புரியும். வஸ்பாடா வந்தால் பை கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, அமாரான் வந்தால் கதவு தட்டி நடக்க முடியாதவர்களை முதலில் அனுப்புவது, பஹாயா வரும்போது நம் ஆட்கள் யாரும் கம்பத்தில் இருக்கக் கூடாது. இப்படி நிலைக்கு ஒரு வேலை என்று கட்டிவிட்டால் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை.

ஆனால் அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. அந்த அளவுகோல் எங்கோ கிரியான் ஆற்றிலோ மூடா ஆற்றிலோ இருக்கும், நம் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் லொங்காங் அதற்கு முன்னாலேயே நிரம்பிவிடும். அதனால் பாலத்தடித் தூணில் பத்துச் சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக, வெள்ளை பெயிண்டில் கோடு போடுங்கள், கரையில் நின்றே டார்ச் அடித்துப் படிக்க முடிய வேண்டும். நேரான பாட்டில் ஒன்றின் கழுத்தை வெட்டி ரூலர் ஒட்டினால் மழைமானி. பிள்ளைகளிடம் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள்: 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர். கோயில் மண்டபக் கூரை 100 சதுர மீட்டர் என்றால் 10 மில்லிமீட்டர் மழையில் 1,000 லிட்டர், அதாவது ஒரு டன். ஒரு கூரைக்கே ஒரு டன் என்று தெரிந்த பிறகு லொங்காங்கில் கிடக்கும் பிளாஸ்டிக் பையை அவர்களே எடுப்பார்கள். இன்னொன்று, கடல் ஏற்றம். ஏற்றத்தின்போது ஆற்றுத் தண்ணீர் கடலில் இறங்காது, அதே மழைக்கு அன்றைக்கு அதிகம் தேங்கும். மீன் பிடிக்கப் போகிற அண்ணன்மார் யாராவது கம்பத்தில் இருப்பார்கள், ஏற்ற இறக்க நேரத்தை அவர்களிடம் கேட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மலையடிவாரத்தில் இருக்கிறீர்கள் என்றால் வேறு அடையாளங்களையும் பார்க்க வேண்டும். மண்ணில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று சேறாக வருவது, இதில் ஒன்று தெரிந்தாலும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அந்தச் சரிவை விட்டு விலக வேண்டும். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலியில் மண் சரிந்து 31 பேர் இறந்தது கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான்.

கதவு தட்டும் ஒத்திகை

ஜோடிக்கு நாலைந்து வீடு, அதற்கு மேல் கொடுக்காதீர்கள். எங்கள் முதல் ஒத்திகை படு தோல்வி. புலனக் குழுவில் செய்தி போட்டோம், எல்லாப் பிள்ளைகளும் கட்டை விரல் போட்டார்கள், ஒரு பாட்டிகூட வெளியே வரவில்லை. கைப்பேசி உள்ளறையில் சார்ஜில் கிடந்தது, பாட்டி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை கோயில் மணியை வைத்துக்கொண்டோம். பூசை மணியோடு குழம்பாமல் இருக்க, மூன்று அடி, நிறுத்தம், மூன்று அடி. நிர்வாகத்திடம் கேட்டபோது தயங்கினார்கள், ஒரு பாட்டி எழுந்து "அம்மன் கோவிச்சுக்க மாட்டா" என்றதும் சரியாகிவிட்டது. பக்கத்துக் கம்பத்தில் சுராவ் (சிறிய தொழுகை இல்லம்) ஒலிபெருக்கி, அவர்களும் உடனே ஒத்துக்கொண்டார்கள்.

மணி கேட்டதும் ஜோடி கிளம்பும். தட்டும், பேரைச் சொல்லிக் கூப்பிடும், ஆள் வெளியே வந்த பிறகுதான் அடுத்த வீடு. வெளியேறிய வீட்டின் கதவுப் பிடியில் ஒரு துண்டு ராஃபியா, அதைப் பார்த்து மறுபடி யாரும் உள்ளே தேட மாட்டார்கள். கிளம்பும் முன் மெயின் சுவிட்சையும் கேஸ் சிலிண்டரையும் பெரியவர்தான் மூட வேண்டும், தரை ஏற்கெனவே நனைந்திருந்தால் சுவிட்சைத் தொடவே கூடாது, 15454க்கு மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலை அழைக்க வேண்டும். முதல் ஒத்திகையைப் பகலில், வெயிலில் வையுங்கள். அடுத்ததை இரவில், தெருவிளக்கு இல்லாத நேரமாகப் பார்த்து. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு முதலில் ஐம்பது நிமிடம் ஆனது, நாலாவது தடவையில் இருபத்திரண்டு. எங்கே நேரம் போனது என்று பிள்ளைகளிடமே கேட்டால் சொல்லிவிடுவார்கள்: பாதி நேரம் பாட்டிமார் சேலை மாற்றுவதிலும் சாமிப் படத்தைத் தேடுவதிலும் போனது. அதனால் ஒரு சின்னச் சாமிப் படத்தையும் பையிலேயே போட்டுவிட்டோம்.

ஒரு ஒத்திகைக்குப் பொதுத் தற்காப்புப் படையையோ பொம்பாவையோ அழையுங்கள், கிராமத் தலைவர் மூலம் கேட்டால் சுலபம். எந்தப் பள்ளி, எந்த மண்டபம் நமக்கு நிவாரண மையம் என்பதை மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, ஒரு நாள் அங்கே வரை நடந்தே போய்ப் பாருங்கள். முதலுதவிக்குப் பள்ளியில் செம்பிறைச் சங்கத்தில் இருக்கும் பிள்ளையையே ஆசிரியராக்குங்கள். இதய அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 சென்டிமீட்டர், தலையணையில் பழகினாலும் போதும்.

தண்ணீர் வடிந்த பிறகு

சுத்தம் செய்யும் முன் எல்லாவற்றையும் படம் எடுக்க வேண்டும். பூட்ஸ், கையுறை இல்லாமல் பிள்ளைகளைச் சேற்றில் விடாதீர்கள், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் கீறல் வழியாக ஏறும். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால் 'வெள்ளத்தில் நின்றேன்' என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். குடிதண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் ஆறிய கொதிநீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டிய அளவு.

பிள்ளைகளையும் பாருங்கள். ஓடியாடி வேலை செய்த பிள்ளை மூன்று நாள் கழித்து மழைச் சத்தம் கேட்டாலே தூங்காமல் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், சாப்பிட வையுங்கள், அதைக் கேலி செய்கிறவர்களை அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்த ஜூனில் மறுபடி நோட்டைத் திறங்கள். படிவம் 5 முடித்துப் போனவர்களின் வீடுகளைப் புதுப் பிள்ளைகளுக்கு மாற்றி எழுத வேண்டும், இறந்தவர்களின் பக்கத்தை அழிக்க வேண்டும், வெயிலில் வெளுத்துப் போன கயிறுகளை அதே உயரத்தில் புதிதாகக் கட்ட வேண்டும். எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்கு இப்போது படிவம் 2 படிக்கிற ஒரு பெண் பிள்ளை பொறுப்பு. தினமும் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அந்த வீட்டு வாசலில் நின்று ஒரு தடவை "பாட்டி" என்று கூப்பிட்டு, உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் தன் வீட்டுக்குப் போகிறாள்.